வெளிக்குழாயை மாற்றினேன்: பித்தளை பால் வால்வு (ball valve) குழாய், எட்டு மாதத்துக்குப் பிறகு

தோட்டத்துக் குழாயை எவ்வளவு இறுக்கி மூடினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு ராத்திரி அதன் கீழே வாளியை வைத்துவிட்டுப் படுத்தேன், விடிந்து பார்த்தால் முக்கால் வாளி நிறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

பழையது திருகி மூடும் சாதாரணக் குழாய். வாஷரை இரண்டு முறை மாற்றியிருந்தேன், ஒவ்வொரு முறையும் சில வாரம் நின்று பிறகு மறுபடி சொட்டும். மூன்றாவது முறை கழற்றியபோதுதான் உள்ளே டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்த்தேன். வாஷர் உட்காரும் வாய்ப்பகுதியே அரித்துப் பள்ளம் விழுந்திருந்தது. அந்த நிலையில் எத்தனை புது வாஷர் போட்டாலும் நிற்காது. உங்கள் குழாயில் அந்த வாய் வழவழப்பாக இருந்தால் வாஷர் மட்டும் மாற்றுங்கள், அதுவே போதும். தண்ணீர் கைப்பிடிக்குக் கீழே கசிகிறது என்றால் அங்கிருக்கும் நட்டைக் கொஞ்சம் இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

சரி, நான் வாங்கியது அரை இஞ்ச் பித்தளைக் குழாய், நெம்புகோல் மாதிரி கைப்பிடி, கால் சுற்றில் திறந்து மூடுவது. உள்ளே துளை போட்ட ஒரு உருண்டை இரண்டு டெஃப்லான் வளையங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது, 90 டிகிரி திருப்பினால் துளை விலகி வழி அடைபடும். தேய்கிற ரப்பர் வாஷர் கிடையாது. என் குழாயில் கைப்பிடி நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது, அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். வாங்கும்போது மரைக்கு உள்பக்கம் முலாம் படாத இடத்தைப் பாருங்கள், மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமாக இருந்தால் வேறு உலோகம்.

அளவில் பலர் ஏமாறுகிறார்கள். அரை இஞ்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர் என்று ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள், அரை இஞ்ச் குழாயின் மரை வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மில்லிமீட்டர் வரும். முக்கால் இஞ்ச் 26-ஐ ஒட்டி வரும். குழம்பினால் பழைய குழாயையே கையில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

மாட்டுவதில்தான் எனக்கு முழு நாளும் போனது. மெயின் வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, சுவருக்குள் போகும் பைப் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க எல்போவை (பைப் வளைந்து திரும்பும் இணைப்பு) ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் கழற்ற வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் உள்ளே விரிசல் விட்டால் சுவரையே உடைக்க வேண்டி வரும். மரையில் ஒட்டியிருந்த பழைய நூலையும் டேப்பையும் கம்பி பிரஷால் சுத்தமாக எடுத்தேன். டெஃப்லான் டேப்பை மரையின் முனை நம்மைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போதே உரிந்து வெளியே வந்துவிடும். நான் செய்த தவறு வேறு. இறுக்கி முடித்ததும் குழாயின் வாய் கொஞ்சம் தாண்டிச் சாய்வாக நின்றது, நேராக்க லேசாகப் பின்னுக்குத் திருப்பினேன், காலையில் மரையோரம் ஈரம். பின்னுக்குத் திருப்பினால் டேப்பின் பிடிப்பு போய்விடுகிறது. முழுசாகக் கழற்றி, இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி மறுபடி இறுக்கியதும் நேராகவும் நின்றது, கசிவும் இல்லை.

எட்டு மாதத்தில் ஒரு சொட்டு கூட இல்லை. ஆனால் குறைகளும் உண்டு. கைப்பிடியின் பிளாஸ்டிக் உறை வெயிலில் வெடித்துவிட்டது. சட்டென்று மூடினால் பைப்புக்குள் 'டொம்' என்று அடிக்கிறது, மெதுவாக மூடினால் அந்த அடி இல்லை. பாதி திறந்தே விட்டு வைக்கக் கூடாது, வேகமான தண்ணீர் டெஃப்லான் வளையத்தை அரிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் வாரம் ஒரு தரமாவது முழுக்கத் திறந்து மூடுங்கள், அப்படியே விட்டால் உருண்டையில் உப்புப் படிந்து கைப்பிடி நகராது. பெரிய குறை, என் குழாயைப் பிரித்துப் பழுது பார்க்க முடியாது. வளையம் தேய்ந்தால் முழுக் குழாயையும் மாற்ற வேண்டியதுதான், அதனால் அடுத்த முறைக்கு என்று அந்த இரண்டு ஸ்பானரையும் மிச்ச டேப்பையும் ஒரே பையில் கட்டி வைத்திருக்கிறேன்.