ஸ்புரூஸா, சீடரா? கிதாரின் மேல்பலகைக்கு எந்த மரம்

கிதாரின் குரலில் பெரும்பங்கு மேல்பலகையுடையது. இதைக் காட்டவே ஸ்பானியக் கிதார் கைவினைஞர் அந்தோனியோ தே தோரஸ் 1862இல் பக்கங்களையும் முதுகையும் காகிதக்கூழில் செய்து, மேலே மட்டும் நல்ல ஸ்புரூஸ் வைத்து ஒரு கிதார் கட்டினார். பக்கங்களுக்கு ரோஸ்வுட் தேடி அலைவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பலகை, அடியில் ஒட்டிய பட்டைகளின் துணையோடு, அதைத் தாங்க வேண்டும். மெல்லிய சீண்டலுக்கும் அதிர வேண்டும். எடை குறைந்து விறைப்பு குறையாத மரம் தேவைப்படுவது அதனால்தான்.

அலாஸ்கா முதல் வட கலிஃபோர்னியா வரை கடலோரமாக வளரும் சிட்கா ஸ்புரூஸ் இதில் நம்பகமான ஆள். மரம் பெரிது, அகலமான சுத்தப் பலகை சுலபமாகக் கிடைக்கும். ஓங்கி ஸ்ட்ரம் செய்தாலும் ஸ்வரம் கலங்காது. புதிதில் கொஞ்சம் இறுக்கமாக ஒலிக்கும், அவ்வளவுதான். அடிரான்டாக் ஸ்புரூஸ் இன்னும் விறைப்பு, இன்னும் சத்தம். இந்த மரத்தை வெட்டித் தீர்த்ததால் 1940களின் நடுவில் அமெரிக்கக் கிதார் நிறுவனமான மார்ட்டினே சிட்காவுக்கு மாறியது. பழைய கிதார்களின் புகழுக்காகவே பலர் அடிரான்டாக்கைக் கேட்கிறார்கள் என்பது என் சந்தேகம். எங்கல்மான் ஸ்புரூஸ் இலேசு, குரல் மென்மை. மெதுவாக வாசிப்பவருக்குச் சரி.

சீடர் மரம் வேறு சுபாவம். மாட்ரிட்டின் கிதார் கைவினைஞர் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் 1960களில் இதை நைலான் கம்பிக் கிதாருக்குக் கொண்டுவந்தார். முதல் நாளே வாய் திறந்து பாடும். விரல் நுனியால் தொட்டாலே பதில் வரும். ஓங்கி அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் சத்தம் ஏறாது, குழையும். விறைப்பு குறைவு என்பதால் ஸ்புரூஸைவிடச் சற்றுத் தடிமனாக விட வேண்டும்.

மென்மைதான் தலைவலி. மேசையில் காய்ந்து கிடந்த ஒரு சொட்டுப் பசையைக் கவனிக்காமல் சீடர் பலகையைக் கவிழ்த்துத் தேய்த்தேன். திருப்பினால் ஒலித்துளைக்குப் பக்கத்தில் மிளகளவு பள்ளம். நகம் பட்டாலும் தடம் விழும். கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜைக் கழற்றும்போது மர இழையும் சேர்ந்து பிய்ந்து வரும். தூசு சிலருக்கு ஆஸ்துமாவே வரவைக்கும், முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள்.

விரலால் மீட்டும் ஃபிங்கர்ஸ்டைல் மட்டும் வாசிப்பவர் கேட்டால் யோசிக்காமல் சீடர் போடுவேன். முதல் கிதார் கட்டுபவருக்கு சிட்கா. கை தவறினாலும் பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளே ஒன்றுபோல இருக்காது. ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இரு விரலால் தொங்கவிட்டு, நடுவில் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று செத்தால் ஒதுக்கிவிடுங்கள், மணிபோல் நீண்டால் எடுத்துவையுங்கள். இழைக்கும்போது அவசரம் வேண்டாம். 3 மில்லிமீட்டரை 2.7 ஆக்கினால் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான் போகும், விறைப்பிலோ கால் பங்குக்கு மேல் போய்விடும். மர இழை சாய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே துண்டைப் பிளந்து ஜோடி சேர்த்த பலகையில் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி கறுத்தும் தெரிந்து, அரைவட்டம் திருப்பினால் இடம் மாறித் தெரிந்தால், அது சாய்வு. அந்த ஜோடி எந்த மரமானாலும் நான் எடுப்பதில்லை.