பேருக்குப் பெரிய எழுத்து: திருத்தும் தாளா, வீட்டுப் பட்டியலா?

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைக்குத் தமிழிலும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. பள்ளிக்கு வெளியே கண்ணில் படும் மலையாளத்திலும் கிடையாது. இங்கிலீஷில் மட்டும் ஆள் பேரும், அதோடு சேர்ந்து வரும் டாக்டர், மிஸ்டர் போன்ற பட்டங்களும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். இங்கிலாந்தின் பாடத்திட்டத்தில் ஆள் பேருக்கும் ஊர்ப் பேருக்கும் பெரிய எழுத்து போடுவது 1-ஆம் வகுப்புப் பாடம். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசுவதே அந்த மொழி. இங்கே எல்.பி. ஸ்கூலில் (தொடக்கப் பள்ளியில்) 1-ஆம் வகுப்பில் பேர், 2-இல் பட்டம் என்று பிரித்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து.

சரி, எப்படிச் சொல்லிக் கொடுப்பது? டியூஷன்களில் அதிகம் ஓடுவது திருத்தும் தாள்தான். 'டாக்டர் மீனா வந்தார்' என்பது போன்ற இங்கிலீஷ் வாக்கியங்களை முழுக்கச் சின்ன எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். பிள்ளை தப்பைத் தேடி வட்டம் போட வேண்டும். நிறைய பிள்ளைகளை ஒரே நேரத்தில் உட்கார வைக்கலாம், மார்க் போடுவதும் சுலபம். ஆனால் தாளில் முழு மார்க் வாங்கிய பிள்ளை, அடுத்த நாள் சொந்தமாக எழுதும்போது தம்பி பேரைச் சின்ன எழுத்தில் தொடங்கும். தாளில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தே தேடுகிறது; நோட்டில் அப்படி யாரும் சொல்லி வைப்பதில்லை. அதைவிடப் பெரிய குறை, பேரைச் சரியாகப் பார்த்துப் பழகும் முன்பே கண் தப்பான வடிவத்தைப் பார்த்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தாள்களில் பட்டம் எப்போதும் பேருக்கு முன்னால்தான் நிற்கும். நம் பக்கத்தில் யாரை மிஸ்டர் போட்டுக் கூப்பிடுகிறோம்? மீனா டீச்சர், ராஜன் மாஷ் (மாஸ்டர்), செல்வம் அண்ணன் என்று பட்டம் பின்னால் வருவதுதான் பழக்கம். இந்த மாநிலத்தின் சுகாதார அமைச்சராக இருந்தவரே ஊருக்கெல்லாம் ஷைலஜா டீச்சர்தான். 'பேருக்கு முன்னால் வரும் பட்டம்' என்று மனப்பாடம் செய்த பிள்ளை இங்கே தடுமாறிப்போகும்.

வீட்டுப் பட்டியலில் இந்தச் சிக்கல் இல்லை. வீட்டிலும் தெருவிலும் இருப்பவர்களைப் பிள்ளையே சொல்ல, நாம் சரியான வடிவத்தில் எழுதிக் காட்டுகிறோம்: ரவி மாமா, மீனா டீச்சர், டாக்டர் அருண். பேரோடு ஒட்டி நின்றால், முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் பட்டத்துக்குப் பெரிய எழுத்து. 'என் மாமா', 'ஒரு டாக்டர்' என்று பேர் இல்லாமல் வந்தால் சின்னது. 'அம்மா' மட்டும் தனியாக வந்தால் என்ன செய்வது? அந்த இடத்தில் அம்மாவின் பேரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலீஷில் 'அம்மா வந்தாள்' என்பதில் செல்வி என்று மாற்றினால் வாக்கியம் நிற்கிறது, அதனால் பெரிய எழுத்து. 'என் அம்மா' என்பதில் மாற்றினால் ஒட்டாது, அதனால் சின்னது. 2-ஆம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளையாட்டு மாதிரி.

பட்டியலில் முதலில் யாரை எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். செல்வி, வாசு என்று தொடங்காதீர்கள். எஸ், வி, சி, ஓ, எக்ஸ், இசட் எல்லாம் பெரியதும் சின்னதும் ஒரே வடிவம், அளவில்தான் வித்தியாசம். வடிவமே மாறும் ஏ, ஆர், டி, ஜி எழுத்துகளில் தொடங்கும் அருண், ரவி, தேவி, கீதா முதலில் வரட்டும். பிறகு செல்வியை நாலு கோடு நோட்டில் எழுதலாம். பெரிய எஸ் மேல் கோட்டைத் தொடும், சின்ன எஸ் நடுவில் அடங்கும். வெள்ளைத் தாளில் எழுதினால் டீச்சருக்கே சந்தேகம் வரும்.

பட்டியலில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. நேரம் பிடிக்கும், பிள்ளைக்குப் பிள்ளை பட்டியல் மாறும். பெரிய வகுப்பில் ஒரே டீச்சரால் சமாளிக்க முடியாது. அப்புறம் வீட்டில் இருப்பவர்களின் பழக்கம். 'என்ன டீச்சர், ஃபாரத்தில் பேர் முழுக்கப் பெரிய எழுத்தில்தானே கேட்கிறான்?' என்பார்கள். ஃபாரத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்து, படிப்பவருக்குக் குழப்பம் வரக்கூடாது, அதற்காக அப்படி. வாக்கியத்தில் பேரின் முதல் எழுத்தும் இனிஷியலும் மட்டும் பெரிதாக இருந்தால் போதும். இனிஷியல் தமிழ்நாட்டு வழக்கப்படி முன்னால் இருந்தாலும், இங்கே பல ரிஜிஸ்டர்களில் இருப்பதுபோல் பின்னால் இருந்தாலும் அதேதான்.

ஃபோனில் டைப் செய்யப் பழக்கலாமே என்போருக்கு: வாக்கியத்தின் முதல் எழுத்தை ஃபோனே பெரிதாக்கிவிடும். பிள்ளை செய்ய வேண்டிய வேலையை அது செய்தால் பிள்ளை கற்றுக்கொள்ள என்ன மிச்சம்?

என் கணக்கில் முதல் இரண்டு வகுப்புக்கு வீட்டுப் பட்டியல்தான். திருத்தும் தாளை 3-ஆம் வகுப்பில் கொடுக்கலாம், அதுவும் அச்சடித்தது வேண்டாம், பிள்ளையே போன மாதம் எழுதியதை. பேர் இல்லாமல் தனியாக வரும் ஜனாதிபதி, கலெக்டர் போன்ற பதவிகளைத் தொடவே வேண்டாம். பல இங்கிலீஷ் பத்திரிகைகள் அவற்றுக்கும் பெரிய எழுத்து போடுகின்றன, இலக்கணப் புத்தகங்கள் சின்னது போதும் என்கின்றன. பெரியவர்களே ஒத்துப்போகாத இடத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்குச் சிவப்பு மை எதற்கு?