சங்கட்டியா, மால்ட்டா, சோறா?

என் அக்கா மகன் ஆந்திராவின் நகரி ஊரில் விசைத்தறி ஓட்டுகிறான். 24 வயதில் டைப் 2 சர்க்கரை என்று தெரிந்ததும், அக்கா அந்த வாரமே ராகி அரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ராகிதானே மாமா, எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது" என்றான். அங்கேதான் தப்பு நடக்கிறது.

100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், ராகியிலும் 67 கிராம் இருக்கிறது. நார்ச்சத்தில்தான் ராகி முந்துகிறது: அரிசியில் 3 கிராம்கூட இல்லை, ராகியில் 11. ஆனால் சமைக்கிற விதத்தில் அந்த லாபம் கரைந்துவிடும்.

முளைகட்டிய ராகியில் செய்யும் மால்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முளைகட்டும்போதே மாவுச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறிவிடுகிறது. அப்புறம் நைசாக அரைத்து, வெல்லம் போட்டு, தண்ணியாகக் குடிக்கிறோம். விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும். இவனுக்கு வேண்டாம்.

சங்கட்டி, அதாவது ராகிக் களி உருண்டை, எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். அக்கா உலை வைத்து முதலில் அரிசி நொய்யைக் குழைய விடுகிறாள். அதன் மேல் மாவைக் குவித்து, மூடி வேகவைத்து, மரத்துடுப்பால் கிண்டி, ஈரக்கையால் உருண்டை பிடிக்கிறாள். ஒரு டம்ளர் மாவுக்கு அரை டம்ளர் நொய்! ஓரங்கட்டிய அரிசி உருண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கர்நாடகப் பக்கம் வெறும் ராகி மாவிலேயே முத்தை என்று உருண்டை பிடிக்கிறார்களே என்றேன். இப்போது நொய் ஒரு பிடிதான். இரண்டு உருண்டை ஒன்றானது. முதலில் புளிச்சக்கீரையும் கொள்ளுச் சுண்டலும் சாப்பிட்டுவிட்டுத்தான் உருண்டையைத் தொடுகிறான்.

சோறு? ஒரு கப்போடு நிறுத்தி, கூடவே பருப்பும் காயும் நிறைய வைத்தால், இரண்டு உருண்டை சங்கட்டியைவிட அது மேல். எங்கள் பக்கம் சோற்றை ஒரு கப்போடு நிறுத்துகிறவர்கள் குறைவு என்பதுதான் கஷ்டம்.

சரி, எது ஒத்துக்கொள்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் வாய் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை பார்க்கும் மீட்டரில் பாருங்கள். ஒரு நாள் சங்கட்டி, இன்னொரு நாள் சோறு. மாத்திரையை அவன் நிறுத்தவில்லை. சாப்பிட்டதும் தறிக்குப் போகாமல் பத்து நிமிஷம் நடக்கிறான்.

எதிர்வீட்டு அக்கா நேற்று கேட்டார், டைப் 1 இருக்கிற தன் மகளுக்குச் சங்கட்டி கொடுத்தால் இன்சுலின் ஊசியை விட்டுவிடலாமா என்று. கூடவே கூடாதுக்கா என்றேன். அவளுக்கு உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை, ராகியோ அரிசியோ எது சாப்பிட்டாலும் ஊசி வேண்டும்.