முன்சரிவுக்கு எது நல்லது: பிந்தோ கடலையா, வெடேலியாவா?

அம்மா ஆங்கிலத் தோட்ட வீடியோ ஒன்றில் ஜெரானியத்தைப் பார்த்துவிட்டார். தரையை மெத்தை போல மூடி, களையை அமுக்கி, ஊதாப்பூவாகப் பூத்துக் கிடந்தது. சுங்கை சிப்புட் வீட்டின் முன்சரிவுக்கு அதுதான் வேண்டும் என்றார். "கேமரன் மலையில தொட்டி தொட்டியா பூக்குதேப்பா!"

கேமரனில் நாம் தொட்டிகளில் பார்ப்பது பெரும்பாலும் பெலார்கோனியம், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த இனம். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1753-ல் அதையும் உண்மையான ஜெரானியத்தையும் ஜெரானியம் என்றே சேர்த்து எழுதினார். 1789-ல் பிரித்த பிறகும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீடியோவில் வந்தது குளிர்நாட்டு ஜெரானியம். வட அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டின் பல்லாண்டுச் செடியாகத் தேர்வான ரோசான் அந்த வகைதான். பனிக்காலத்தில் மேலே மடிந்து, வேரில் உறங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். நம் ஊரில் அதற்கு உறங்க ஒரு குளிர் ஏது? அம்மாவிடம் சொல்லிப் புரியவைத்தேன். பிறகு, அது அங்கே செய்கிற வேலையை இங்கே எந்தச் செடி செய்யும் என்று தேடினேன்.

தேடியதற்குக் காரணம் உண்டு. அம்மா எஸ்டேட்டில் பல வருடம் முதுகில் டின் சுமந்து களைக்கு மருந்தடித்தவர். பாராக்குவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. அவர் காலத்தில் அதுதான் அன்றாடம். இப்போது முட்டி வலி, குனிய முடியாது. வீட்டு வாசலில் ஒரு சொட்டு மருந்தும் விழக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கவ்கிராஸ் புல் எல்லாரும் போடுவது, விலையும் மலிவு. ஆனால் மழை மாதங்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மெஷின் பிடித்தாக வேண்டும், அதுவும் சரிவில். எங்களுக்கு ஒத்துவராது. செம்பனைத் தோட்டத்தில் போடுகிற முக்குனா கொடியைச் சிலர் சொன்னார்கள். நல்ல பருவத்தில் ஒரு நாளில் 10 சென்டிமீட்டருக்கும் மேல் ஓடுகிற கொடி அது. நூறு ஏக்கருக்குப் பொருந்தும். வீட்டு வாசலில் விட்டால் கேட், மீட்டர் பெட்டி, பக்கத்து வீட்டு மாமரம் எல்லாவற்றிலும் ஏறிவிடும்.

மிஞ்சியவை வெடேலியாவும் பிந்தோ கடலையும். இரண்டும் தரையில் படரும், இரண்டும் மஞ்சள் பூ, தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி.

வெடேலியாவைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. சாலையோரத்தில் ஒரு முழம் கிள்ளி வந்து நட்டால் போதும், கணுவுக்குக் கணு வேர் விடும். எங்கள் பக்கத்து வீட்டில் சில மாதத்திலேயே சரிவு முழுக்கப் பச்சை. தண்ணீர் தேங்கினாலும் வெயில் காய்ந்தாலும் அசைவதில்லை. முதல் வருடம் பார்த்தால் யாரும் இதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். சிக்கல் பிறகுதான். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. சாக்கடைக்குள் இறங்கும், வேலியைத் தாண்டும், மாதாமாதம் யாராவது பாராங் கத்தியோடு ஓரம் வெட்ட வேண்டும். உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்களின் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது. முழங்கால் உயரத்துக்கு அடர்ந்துவிட்டால் அடியில் கிடக்கும் ஐஸ்கிரீம் டப்பா, தேங்காய் ஓடு எதுவும் கண்ணில் படாது. அவற்றில் தேங்குகிற மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். எலியும் அதன் பின்னால் பாம்பும் வந்து தங்க வசதியான இடம் வேறு.

இன்னொன்றை நம் ஆட்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அதைப் பறித்துத் தலைக்கு எண்ணெய் காய்ச்சப் போனார். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துவிட்டார். "அது இல்லக்கா, இலையைப் பாருங்க, மூணு மடலா இருக்கு" என்று அம்மாதான் தடுத்தார். கரிசலாங்கண்ணி இலை நீண்டு குறுகலாக இருக்கும். ஒரே குடும்பத்துச் செடிகள், அதனால்தான் பூவைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம்.

பிந்தோ கடலை பிரேசில் நாட்டுச் செடி, நம் நிலக்கடலைக்குச் சொந்தம். காம்புக்கு நான்கு சிற்றிலை. பூத்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கும். வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருவதால் உரச் செலவு குறைவு. ஓரளவு நிழலையும் தாங்கும். பெரும்பாலும் ஒரு சாண் உயரத்துக்குள் நின்றுவிடும், கீழே கிடப்பது கண்ணுக்குத் தெரியும். மிதித்தாலும் எழுந்துகொள்ளும்.

அதன் குறை, ஆரம்பம் மெதுவு. முதல் மூன்று நான்கு மாதம் இடைவெளியெல்லாம் தொட்டாற்சுருங்கியும் லாலான் புல்லும் எட்டிப் பார்க்கும். கையால் பிடுங்கித்தான் ஆக வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பலர் வெறுத்துப்போய் "இது சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். நான் வாராவாரம் சனிக்கிழமை ஈப்போவிலிருந்து வந்து பிடுங்கினேன். ஐந்தாவது மாதத்துக்கு மேல் பெரிதாக வேலை இல்லை. நீண்ட வறட்சியில் இலை கொட்டும், மழை வந்தால் தளிர்க்கும்.

எனவே குனிய முடியாதவர் வீட்டுக்கு என் தேர்வு பிந்தோ கடலைதான், முதல் சில மாதம் கைகொடுக்க ஓர் ஆள் இருந்தால். அந்த ஆளும் இல்லையென்றால் கவ்கிராஸ் போட்டு, வெட்டுகிறவருக்கு மாதம் கொஞ்சம் வெள்ளி கொடுப்பது மேல். வெடேலியாவை எந்த வீட்டுக்கும் சொல்ல மாட்டேன்.

பிந்தோ கடலை நடுவதானால் மழை தொடங்கும்போது, ஒரு சாண் தண்டாக வெட்டி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். சரிவில் ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைச் செடி வரும்படி மாற்றி நட்டால் மண் கரையாது. மாமரத்தடியின் ஈரநிழலில் நான் வல்லாரை விட்டிருக்கிறேன். அது களையை அமுக்காது, ஆனால் அம்மாவுக்குத் துவையலுக்கு ஆகிறது.

ஏற்கெனவே வெடேலியா இருக்கிறவர்கள் பிடுங்கியதைப் பிளஸ் ஆற்றங்கரையில் கொட்டிவிடாதீர்கள். ஒரு கணு ஈரத்தில் கிடந்தாலும் பிடித்துக்கொள்ளும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, சிமெண்டுத் தரையில் வெயிலில் போட்டு, தண்டு முழுக்கக் கருகிய பிறகு குப்பை வண்டிக்குக் கொடுங்கள்.