ஃபிட்னஸ் பேண்டை ஆப்போடு இணைப்பதா, கையால் பதிவதா?

கையில் நடையையும் இதயத் துடிப்பையும் அளக்கும் ஃபிட்பிட் பேண்ட், போனில் சாப்பிடும் கலோரியைக் கணக்கு வைக்கும் மைஃபிட்னஸ்பால் ஆப். இரண்டையும் இணைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக.

வேலை: இணைக்க ஒருமுறை அனுமதி கொடுத்தால் போதும். கையால் என்றால் நடந்த நிமிடங்களைத் தினமும் பதிய வேண்டும். நான் மூன்றாம் நாளே மறந்துவிட்டேன்.

கணக்கு: சிக்கல் இங்கேதான். 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படிக் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. எரித்த கலோரியிலோ, இருப்பதில் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. இணைத்தால் அந்தத் தவறு, 'இன்னும் 300 கலோரி சாப்பிடலாம்' என்று ஆப்பில் வந்து நிற்கும். அப்புறம் வடையை யார் தடுப்பது? கையால் பதிவதும் தோராயம்தான், ஆனால் அது தோராயம் என்பது நமக்கு நினைவிருக்கும்.

தினமும் நடப்பவர் இணைக்கலாம். கூடுதல் கலோரியில் பாதியை மட்டும் நம்பட்டும். ஜிம்மில் எடை தூக்குபவர் கையாலேயே பதியட்டும்.