திருகோணமலை வெயிலுக்கு அக்வாவா, லீஃபா?

பாவித்த கார் தேடியபோது கடைசியில் எஞ்சியவை இரண்டு: பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ரொயோட்டாவின் அக்வா ஹைபிரிட், நிசானின் மின்சாரக் காரான லீஃப். நான் அக்வாவை எடுத்தேன்.

புகை, செலவு என்று பார்த்தால் லீஃப்தான் முன்னுக்கு நிற்கிறது. எஞ்சின் ஒயில் மாற்றும் வேலைகூட இல்லை. 2022இல் பெற்றோல் செட் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கூரையில் சோலார் இருந்து, ஓட்டமும் உப்புவெளிக்கும் நகரத்துக்கும் இடையில்தான் என்றால் தாராளமாக லீஃபையே எடுக்கலாம். கொழும்புக்கு 260 கிலோமீற்றர் ஓட வேண்டியவர் யோசிக்க வேண்டும். 24 கிலோவாட் மணி பற்றரியோடு வந்த முதல் லீஃபுக்கு, ஜப்பானியச் சோதனையில் புதிதாக இருந்தபோதே ஒரு முழுச் சார்ஜுக்கு 200 கிலோமீற்றர்தான்.

சரி, என் முடிவுக்குக் காரணம் பற்றரி. லீஃபில் அது காரின் அடியில் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. குளிர்விக்க விசிறியோ நீரோ கிடையாது. லித்தியம் பற்றரிக்குச் சூடுதான் எமன். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் ஊரில், பகலெல்லாம் வெயிலில் நின்ற கார் லேசில் ஆறாது. டாஷ்போர்ட்டின் ஓரத்தில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 சிறு கோடுகள் இருக்கும். முதல் கோடு சுமார் 15 வீதக் கொள்ளளவு குறைந்ததும் அணையும். அதன் பிறகு ஒவ்வொன்றும் சுமார் 6 வீதத்துக்கு. விலை பேசப் போன ஒரு லீஃபில் 8 கோடுதான் எரிந்தது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பெயின்ட் மட்டும் புதுசு போலப் பளபளத்தது.

அக்வாவின் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. ஒரு விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்து அதன் மேல் விடும். ஏசி போட்டால் பற்றரிக்கும் குளிர் கிடைக்கும். அதில் மொத்தம் 20 மொடியூல்கள், அதாவது சிறு பற்றரித் துண்டுகள். ஒன்று செத்தால் அதை மட்டும் மாற்றித் தரும் கராஜ் பாஸ்மார் இருக்கிறார்கள். ஆனால் பழசுகளோடு புதிது ஒன்றைச் சேர்த்தால் அடுத்தது சீக்கிரம் விழக்கூடும். எனக்கு இன்னும் மாற்றும் தேவை வரவில்லை.

கவனிக்க வேண்டியது அந்த விசிறியின் காற்றுத் துளை. பின் இருக்கையின் அடியோரம் இருப்பதால் மணலும் துணி நூலும் சேர்ந்து பஞ்சு போல அடைத்துவிடும். நிலாவெளியில் குளித்துவிட்டு ஈரத் துவாயை அதன் மேல் போடாதீர்கள். வாங்கும்போதும் அந்த விசிறியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்த பிறகு சீனாவின் பிவைடி மின்சாரக் கார்களையும் பலர் கேட்கிறார்கள். அதன் பிளேட் பற்றரி லித்தியம் இரும்புப் பொஸ்பேட் வகை. சூட்டை நன்றாகத் தாங்கும், குளிரூட்டலும் உண்டு. லீஃபைப் பற்றி நான் சொன்ன குறை அதற்குப் பொருந்தாது. ஆனால் உப்புக் காற்றில் பத்து வருஷம் நின்ற பிவைடி இங்கே ஒன்றுமில்லை. அதன் மறுவிற்பனை விலை பற்றி இப்போதைக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன்.