தவசிக்கீரை செடி வாங்குன கதை: செடிக்கு நாலு ஸ்டார், கடைக்காரர் யோசனைக்கு ஒண்ணுகூட இல்ல

காரைக்குடிக்கு வெளிய ஒரு நர்சரில போன ஆடில மூணு தவசிக்கீரை செடி வாங்குனேன், ஒண்ணு 60 ரூபா. பேரு சொல்லல, ஏன்னு படிச்சா புரியும். வேர் நல்லா ஓடியிருந்துச்சு, பின்கட்டுல பாதி நிழல்தான் விழுகும், அதுலயே ரெண்டு செடி ஜம்முனு வந்துருச்சு. இலைக்கு அடியில குட்டிகுட்டியா சிவப்புப் பூ, பாக்கவே அழகு.

அப்பத்தாட்ட கடைக்காரர் சொன்ன இன்னொரு பேரு "செக்குர்மனிஸ்"னு சொன்னேன், உடனே "மானிஸ்னா மலாய்ல இனிப்புல்ல"ன்னாக. அவுக அப்பச்சி மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதான் வியாபாரம் பண்ணப் போனவுக, அங்க இதை முட்டை போட்டு வதக்குவாங்களாம். இந்தோனேசியாவுல இதுக்குப் பேரு காத்துக், பிள்ளை பெத்தவுகளுக்குப் பால் ஊறணும்னு சாறு வச்சுக் குடுப்பாங்க, இலையை அரைச்சுப் பலகாரத்துக்குப் பச்சைக் கலராவும் சேப்பாங்க. நம்ம வீட்டுல அரிசி கழுவுன தண்ணி, சின்ன வெங்காயம், கடைசில தேங்காய்ப்பால் ஊத்தி தண்ணிச்சாறு வச்சோம், மணத்தக்காளி மாதிரி கசப்பே இல்ல, பச்சைப்பட்டாணி வாசம், பிள்ளைக ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சுக.

இப்ப கோவத்துக்கு வாரேன். செடியக் குடுக்கும்போதே அந்த ஆளு "வெறும் வயித்துல பச்சையா அரைச்சு தினமும் ஒரு கிளாஸ் குடிங்க, தொப்பை காணாமப் போயிரும்"னாரு. அண்ணே, இதைத்தான 1990கள்ல தைவான்ல செஞ்சாங்க! எடை குறையும்னு பச்சைச் சாறா வாரக்கணக்குல குடிச்சவங்களுக்கு நுரையீரல்ல இருக்க சின்ன மூச்சுக்குழாயெல்லாம் அடைச்சுப்போயி, சிலருக்கு நுரையீரலே மாத்த வேண்டி வந்துச்சு, செத்தவங்களும் உண்டு, அது திரும்ப சரியாகுற வியாதி இல்ல. காலங்காலமா சாப்பிடுற ஊர்ல வேகவச்சுக் கறியா, அளவாத்தான் சாப்பிடுறாங்க. இது தெரியாம "மல்டி வைட்டமின் கீரை"ன்னு போர்டு வேற எழுதி வச்சிருக்காரு. எடுத்துச் சொன்னதுக்கு "யூடியூப்ல பாத்தேன் சார்"ங்கிறாரு, என்னத்தச் சொல்ல.

மூணாவது செடி பத்து நாள்ல பட்டுப்போச்சு, மாத்திக் கேட்டா மொறைச்சாரு. போகட்டும்னு இருந்த ரெண்டுல ஒரு முத்துன குச்சிய ஒடிச்சு நட்டேன், ஈரம் காயாமப் பாத்துக்கிட்டா போதும், இப்ப துளிர் விட்டுருச்சு. இனி அந்த நர்சரிப் பக்கம் போற சோலியில்ல, யாருக்காச்சும் குச்சி வேணும்னா வீட்டுக்கு வாங்க, சும்மாவே தாரேன்.